காவலனைக் காப்பவர் யார்?

கால்பந்தாட்டத்தில் ஒரு கோஷ்டிக்கு 11 பேர் ஆடுகிறார்கள். முன்னணியில் நிற்பவர் எளிதான பந்தை வெளியே உதைத்துவிட்டால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஜனங்கள் சமாதானம் அடைகிறார்கள். நடுவில் ஆடுபவர் பந்தை எதிரியின் காலில் கொடுத்துவிட்டால், பின்னால் நிற்பவர் அதை மீட்டுத் தருகிறார். கோல்காவலருக்கு மட்டும் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள ஒரு சட்டத்துக்கு முன்னால் அவர் தனியே நிற்கிறார். அவர் செய்யும் தவறு அந்தக் கணமே எதிரியின் கணக்கில் ஏறிவிடுகிறது. 90 நிமிஷம் காத்த காவலை ஒரு விநாடித் தவறு துடைத்துவிடுகிறது.

இத்தகைய ஸ்தானத்தில், 18 வயதில் நிற்கத் தொடங்கி, 35 வயதுக்கு மேலும் நின்றவர் போர்த்துகல் தேசத்தைச் சேர்ந்த ரூயி பத்ரீசியோ. அவருடைய வாழ்க்கையை இன்று நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அவர் பெற்ற கோப்பைகளைக் கணக்கிட்டுக் காட்டுவது மட்டும் நமது நோக்கமன்று. ஊழியம் செய்பவனிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கும் பொதுஜனங்கள், அவனுக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டா என்ற கேள்வி அந்த வாழ்க்கையின் நடுவே நிற்கிறது. அதுவே நம்மை எழுதத் தூண்டியது.

பத்ரீசியோ 1988-ம் வருஷம் பிப்ரவரி 15-ந் தேதி, லெய்ரியா நகரை அடுத்த மராஸஸ் என்னும் ஊரில் பிறந்தார். சிறு பிராயத்தில் ஊர்க் கோஷ்டியில் அவர் கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரராகவே இருந்தார் என்பது வேடிக்கையான விஷயம். பிறகு கோலைக் காக்கும் வேலை வந்து சேர்ந்தது. 12-ம் வயதில் லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கழகத்தின் பயிற்சிக் கூடத்தில் அவர் சேர்த்துக் கொள்ளப்பட்டார். போர்த்துகலில் பெயர் பெற்ற மூன்று கழகங்களில் ஒன்று அது. மற்ற இரண்டு பென்பிகாவும் போர்ட்டோவும் ஆகும். இளைஞர்களைத் தேடி எடுத்து வளர்த்து ஆளாக்குவதில் ஸ்போர்ட்டிங்குக்குத் தனிக் கீர்த்தி உண்டு. லூயிஸ் பிகோவும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் அங்கே வளர்ந்தவர்களே.

2006-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி, மரீடிமோ கழகத்தை எதிர்த்து அவர்களுடைய களத்தில் நடந்த ஆட்டத்தில், பத்ரீசியோ முதன் முறையாகப் பெரிய கோஷ்டியில் காவல் நின்றார். அன்று எதிரிகளுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. 12 கஜ தூரத்திலிருந்து, தடுப்பார் வேறு எவரும் இன்றி, ஒருவர் உதைக்க ஒருவர் காப்பது பெனால்டி. காப்பவர் தவறினால் வியப்பவர் இல்லை. அந்த இளைஞர் அதைத் தடுத்துவிட்டார். ஸ்போர்ட்டிங் 1-0 என்று ஜெயித்தது.

இப்படித் தொடங்கிய ஒருவருக்கு வழி முழுதும் பூ விரித்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. அடுத்த வருஷம் முதல் அவர் நிரந்தரமாகக் காவல் நிற்கத் தொடங்கினார். 2007 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை எதிர்த்து இங்கிலாந்தில் ஆடிய ஆட்டத்தில், ஸ்போர்ட்டிங்கிலிருந்து சென்ற ரொனால்டோவே கடைசி நிமிஷங்களில் அவரைத் தாண்டிக் கோல் அடித்தார். ஸ்போர்ட்டிங் 2-1 என்று தோற்றது. இளமைக்கு இயல்பான தவறுகளும் சில நேர்ந்தன. ஒவ்வொரு தவறுக்கும் சொந்த ஜனங்களே அவரை ஏளனம் செய்தனர். கோலுக்குப் பின்னால் இருக்கும் ஆசனங்களில் உட்கார்ந்து கத்துபவர்களுடைய குரல் முதலில் எட்டுவது கோல்காவலருடைய காதுக்குத்தான். ஏச்சைக் கேட்டுக்கொண்டே அடுத்த பந்துக்குக் கையை நீட்ட வேண்டிய நிலை அவருடையது.

அந்த ஏச்சுக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. வருஷா வருஷம் அதே இடத்தில் நின்றார். 2012-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், ஐரோப்பாக் கழகங்களுக்கான போட்டியில், செல்வம் மிக்க மான்செஸ்டர் சிட்டி கழகத்தை ஸ்போர்ட்டிங் சந்தித்தது. முதல் ஆட்டத்தில் ஸ்போர்ட்டிங் 1-0 என்று ஜெயித்திருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் 2 கோல் பின்தங்கியிருந்த சிட்டி, பிறகு 3 கோல் அடித்துவிட்டது. இரண்டு ஆட்டமும் சேர்ந்து 3-3 என்று சமமாயின. அந்நிய களத்தில் அடித்த கோலுக்கு அதிக மதிப்பு என்ற அந்நாளைய விதியினால் ஸ்போர்ட்டிங் முன்னால் நின்றது. இன்னும் ஒரு கோல் விழுந்தால் எல்லாம் போய்விடும். கடைசி விநாடிகளில் சிட்டியின் கோல்காவலர் ஜோ ஹார்ட்டே தம் இடத்தை விட்டு ஓடி வந்து பந்தைத் தலையால் மோதினார். பத்ரீசியோ பாய்ந்து விரல் நுனியால் அதை வெளியே தள்ளினார். ஒரு காவலர் அடித்த பந்தை மற்றொரு காவலர் தடுத்த அந்தக் காட்சியை ஸ்போர்ட்டிங் அன்பர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வருஷம் அக் கழகம் அரை இறுதி வரை சென்றது.

தேசத்தின் கோஷ்டியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. 2010 நவம்பரில், அப்போது உலகக் கோப்பையை வைத்திருந்த ஸ்பெயினைப் போர்த்துகல் 4-0 என்று தோற்கடித்த ஆட்டத்தில் அவர் முதன் முறையாகத் தேசத்துக்காக ஆடினார். 2012-ம் வருஷ ஐரோப்பியப் போட்டியின் அரை இறுதியில் அதே ஸ்பெயின் எதிரே வந்தது. 120 நிமிஷம் ஆடியும் கோல் விழவில்லை. பெனால்டிகளால் முடிவு செய்ய நேர்ந்தது. ஷாபி அலோன்சோ உதைத்த முதல் பெனால்டியைப் பத்ரீசியோ தடுத்தார். ஆனால் போர்த்துகீசியர் இருவர் தவறவிட்டமையால் வெற்றி ஸ்பெயினுக்குப் போயிற்று. 2014-ம் வருஷம் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையிலோ, முதல் ஆட்டத்திலேயே ஜெர்மனி 4 கோல் அடித்தது. அவரும் காயமுற்று, மற்ற ஆட்டங்களில் ஆட இயலாமற் போனார். தாம் தடுத்தபோது தோழர் தவறினர். மறு முறை தம் உடம்பே தவறிற்று.

2016-ம் வருஷம் பிரான்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டி அத்தனை வருஷப் பொறுமைக்கும் பலன் தந்தது. போர்த்துகல் தொடக்கத்தில் சிறப்பாக ஆடிற்று என்று சொல்வதற்கில்லை. முதல் மூன்று ஆட்டங்களும் சமமாக முடிந்தன; ஹங்கேரி மாத்திரம் 3 கோல் அடித்தது. அதற்குப் பின் வந்த நான்கு ஆட்டங்களிலோ பத்ரீசியோவைத் தாண்டிச் சென்றது ஒரே ஒரு கோல். போலந்தோடு நடந்த ஆட்டம் 1-1 என்று நின்று பெனால்டிகளுக்கு வந்தபோது, பிளாஷிகோவ்ஸ்கி உதைத்த பந்தை இடப்புறம் பாய்ந்து அவர் தடுத்ததே வெற்றியைத் தேடித் தந்தது.

ஜூலை 10-ந் தேதி பாரிஸ் நகரை அடுத்த சாந்தெனியில் இறுதி ஆட்டம். எதிரி பிரான்ஸ், களமும் அவர்களுடையது. 25-வது நிமிஷத்தில் ரொனால்டோ காயமடைந்து கண்ணீரோடு வெளியேறினார். தலைவரை இழந்த கோஷ்டிக்குப் பின்னால் பத்ரீசியோ நின்றார். கிரீஸ்மன் தலையால் மோதிய பந்தை அதற்கு முன்பே கம்பத்துக்கு மேலாகத் தட்டிவிட்டிருந்தார். பிறகு சிஸ்ஸோகோவும் ஜிரூவும் மாறி மாறி உதைத்தவற்றையும் தடுத்தார். 90 நிமிஷமும் கடந்த நேரத்தில் ஜின்யாக் அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்தது. அங்கே அதிருஷ்டமும் துணை நின்றது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 109-வது நிமிஷத்தில் ஏதெர் அடித்த ஒரே கோலால் போர்த்துகல் தன் சரித்திரத்தில் முதன் முறையாக ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றது. அந்த ஆட்டத்தில் போர்த்துகலுக்காகக் களம் இறங்கிய 14 பேரில் 10 பேர் இளமையில் ஸ்போர்ட்டிங் கழகத்தில் பயின்றவர்கள். ஒரு தேசத்தின் வெற்றிக்கு ஒரு கழகத்தின் உழைப்பு எவ்வளவு துணையாகலாம் என்பதற்கு இது தக்க சான்று. போட்டி முழுவதிலும் சிறந்தவர்களைப் பொறுக்கி அமைத்த பட்டியலில் கோல்காவலராக இடம் பெற்றவர் பத்ரீசியோவே.

இனி, நாம் முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம்.

மேற்படி வெற்றிக்கு இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஸ்பெயினில் அட்லெட்டிகோ மாட்ரிட் கழகத்திடம் ஸ்போர்ட்டிங் தோற்றது. கழகத்தின் தலைவர் புரூனோ டி கார்வாலோ, ஆட்டக்காரர்களைத் தனியே அழைத்துப் பேசுவதை விட்டு, ஊரறியக் குறை கூறி எழுதினார். ஆட்டக்காரர்கள் ஒன்று சேர்ந்து மறுப்புத் தெரிவித்தபோது, அவர்களை விலக்கி வைப்பதாக எச்சரித்தார். மே 5-ந் தேதி பென்பிகாவுடன் நடந்த ஆட்டத்தில், ஸ்போர்ட்டிங்கின் சொந்த ரசிகர்கள் இருந்த பகுதியிலிருந்து, எரியும் தீப்பந்தங்கள் பத்ரீசியோ நின்ற கோலை நோக்கி வீசப்பட்டன. மே 13-ந் தேதி மரீடிமோவிடம் தோற்று, அந்த வருஷப் பட்டியலில் இரண்டாம் இடமும் கைநழுவிற்று. மே 15-ந் தேதி, தேகு நதிக்கு அக்கரையில் அல்கொஷேத் என்னும் இடத்தில் உள்ள பயிற்சிக் கூடத்தில், முகத்தை மறைத்த சுமார் 40 பேர் புகுந்து, உடை மாற்றும் அறையில் இருந்த ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் தாக்கினர். பாஸ் டோஸ்ட் என்பவரின் தலையில் ரத்தக் காயம் ஏற்பட்டது. பத்ரீசியோ 12 வயதுச் சிறுவனாக வந்து சேர்ந்த கழகத்தின் இல்லம் அது.

இதற்கு ஐந்தாம் நாள், போர்த்துகல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், தாக்கப்பட்ட அதே மனிதர்கள் களம் இறங்கினர். ஆவெஸ் என்ற சிறிய கழகத்திடம் 2-1 என்று தோற்றனர். ஜூன் முதல் தேதியன்று பத்ரீசியோ, நியாயமான காரணம் உண்டு என்று காட்டித் தமது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். அவ்வாறு முறித்துக்கொண்டவர் மொத்தம் 9 பேர். ஸ்போர்ட்டிங் கழகத்துக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 467.

அப்போது அவரைப் பழித்தவர்கள் அநேகர். 'சோறு போட்டு வளர்த்த வீட்டை விட்டுப் போகலாமா?' என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஒரு கழகம் சிறுவனை எடுத்துப் பயிற்சி தந்து பெரியவனாக்குவதற்குப் பல வருஷச் செலவும் உழைப்பும் வேண்டும். அவன் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டு நடந்துவிட்டால், கழகத்தின் பொருளுக்கு நஷ்டம். அங்கே வளர்ந்துவரும் மற்றச் சிறுவர்களுக்கும் அதனால் நஷ்டம். சங்கடமான காலத்தில் ஸ்தாபனத்தோடு நிற்பதே விசுவாசம் என்பதும் பெரியோர் ஒப்புக்கொண்ட நீதிதான்.

ஆனால் அந்த நீதி யாருக்கு என்று கேட்கிறோம். ஏச்சைப் பொறுத்தவர், தோல்வியைப் பொறுத்தவர், வேறு கழகங்கள் அதிகப் பணம் தரக் கூடும் என்று அறிந்தும் 12 வருஷம் ஒரே கோலின் முன் நின்றவர், தம் கடமையில் எதைப் பாக்கி வைத்தார்? ஆட்டக்காரருக்குச் சம்பளம் தரப்படுவது ஆடுவதற்காக, அடிபடுவதற்காக அன்று. டிக்கட் வாங்கியவனுக்கு ஏசும் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம். தீயை எறியும் உரிமையை எந்த டிக்கட்டும் தருவதில்லை. வேலை செய்யும் இடத்தில் ஊழியனுடைய உடம்புக்குப் பத்திரம் இல்லையானால், அவனைக் கட்டிவைக்கும் ஒப்பந்தம் தர்மத்தின் முன் நிற்காது. தொழிற்சாலையில் உழைப்பவனுக்கு எது நியாயமோ, புல்வெளியில் உழைப்பவனுக்கும் அதுவே நியாயம். சம்பளம் அதிகம் என்பதனால் எலும்பு உறுதியாகிவிடுவதில்லை.

பின்னால் நடந்தவற்றையும் சொல்லிவிடுவது முறை. ஜூன் 23-ந் தேதி கழகத்தின் அங்கத்தினர்கள் திரண்டு வந்து வாக்களித்து, 100-க்கு 70 பேருக்கு மேல் ஆதரிக்க, தலைவரைப் பதவியினின்று நீக்கினார்கள். ஒப்பந்தத்தை முறித்த 9 பேரில் மூவர் திரும்பி வந்தனர். தாக்குதல் பற்றிய வழக்கில் 2020-ம் வருஷம் மே மாதம் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்குச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. தாக்குதலை ஏவியவர் என்ற குற்றச்சாட்டிலிருந்து கார்வாலோவைக் கோர்ட்டு விடுதலை செய்தது. அத் தீர்ப்புக்கு மாறாக நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் சட்டத்தின் குற்றம் வேறு, பொறுப்பில் இருப்பவனுடைய நாவடக்கம் வேறு. தலைவர் பொது இடத்தில் தம் ஊழியரைத் தாழ்த்திப் பேசினால், கீழே இருப்பவர்களில் சிலர் அதைக் கை நீட்ட அனுமதி என்று எடுத்துக்கொள்வார்கள். எந்த ஸ்தாபனத்தின் தலைவரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

பத்ரீசியோவோ, கழகம் இல்லாத மனிதராகவே ருஷ்யாவுக்குப் போய், ஜூன் 15-ந் தேதி ஸ்பெயினுக்கு எதிராக உலகக் கோப்பை ஆட்டத்தில் தேசத்துக்காகக் காவல் நின்றார். அது 3-3 என்று முடிந்தது. மூன்று நாள் கழித்து இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் உவாண்டரர்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அக்டோபர் மாதக் கடைசியில் அக் கழகம் ஸ்போர்ட்டிங்குக்கு 180 லட்சம் யூரோ கொடுக்க ஒப்புக்கொண்டு விவகாரத்தைத் தீர்த்தது. வளர்த்த வீட்டுக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது. வெளியேறியவருக்கு மரியாதையும் கிடைத்தது.

புதிய இடத்தில் அவர் செய்த முதற் காரியம் நம் மனத்தைக் கவர்ந்தது. கோல்காவலர் 1-ம் எண்ணை அணிவது வழக்கம். உல்வர்ஹாம்ப்டனில் அந்த எண் கார்ல் இகேமே என்பவருடையது. அவர் 2017-ல் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகி, மறு வருஷம் ஆட்டத்தினின்று ஓய்வு பெற நேர்ந்தது. அவரிடத்துள்ள மதிப்பினால் பத்ரீசியோ அந்த எண்ணை ஏற்காமல், கோல்காவலர் எவரும் விரும்பாத 11-ம் எண்ணை அணிந்தார். தனியே நிற்பவனுடைய துயரம் தனியே நின்றவனுக்குத் தெரியும். அப்போதுதான் முதல் வகுப்புக்கு ஏறியிருந்த அக் கழகம், அடுத்தடுத்த இரண்டு வருஷமும் 7-ம் இடத்தைப் பெற்றது. 2019 ஜூன் மாதம் போர்ட்டோ நகரில், ஹாலந்தை 1-0 என்று வென்று போர்த்துகல் நேஷன்ஸ் லீக் கோப்பையை அடைந்தபோதும் காவல் அவருடையதே.

தொழிலின் அபாயமும் அவரை விடவில்லை. 2021 மார்ச்சில் லிவர்பூலுடன் நடந்த ஆட்டத்தில், தம் கோஷ்டித் தலைவரின் முழங்கால் தலையில் மோதி அவர் விழுந்தார். பல நிமிஷம் சிகிச்சை செய்து தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. தேறித் திரும்பி வந்தார். அந்த வருஷமே இத்தாலியில் ரோமா கழகத்தில் சேர்ந்து, 2022 மே 25-ந் தேதி திரானா நகரில் பையனூர்ட் கழகத்தை 1-0 என்று வென்று கான்பரன்ஸ் லீக் கோப்பையைப் பெற உதவினார்.

ஆயினும் காலம் யாருக்காகவும் நிற்பதில்லை. 2021 நவம்பரில் லிஸ்பனில் ஸெர்பியாவோடு நடந்த ஆட்டத்தில், தாடிச் உதைத்த பந்து அவர் கையினின்று நழுவிக் கோலாயிற்று. அந்த ஆட்டத்தில் தோற்றதால் உலகக் கோப்பைக்கு நேரே செல்லும் வாய்ப்புப் போயிற்று; சுற்றி வர வேண்டியதாயிற்று. மறு வருஷம் உலகக் கோப்பை நடந்தபோது, 23 வயது இளைஞர் டியோகோ கோஸ்டா காவல் நின்றார். அதற்கு முன் எந்தப் போர்த்துகீசியக் கோல்காவலரும் ஆடாத அத்தனை முறை தேசத்துக்காக ஆடியவர், வெளியே ஆசனத்தில் உட்கார்ந்தார்.

முணுமுணுத்துக்கொண்டு விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை. 2024-ம் வருஷ ஐரோப்பியப் போட்டிக்கும் கோஷ்டியோடு ஜெர்மனிக்குச் சென்றார். ஜூலை முதல் தேதியன்று பிராங்க்பர்ட் நகரில் ஸ்லொவேனியாவோடு ஆட்டம் பெனால்டிகளுக்கு வந்தது. டியோகோ கோஸ்டா அடுத்தடுத்து மூன்றையும் தடுத்து வெற்றி தேடித் தந்தார். முன்பு தாம் செய்த வேலையை இளையவர் தம்மினும் மேலாகச் செய்ததை, பத்ரீசியோ களத்தின் ஓரத்தில் இருந்து பார்த்தார். பிறகு இத்தாலியில் அட்டலாண்டா கழகத்துக்கும், 2025-ம் வருஷ உலகக் கழகக் கோப்பையையொட்டி அரபு நாட்டு அல் அயின் கழகத்துக்கும் சென்றார்.

ஸ்போர்ட்டிங் கழகத்தில் இருந்த வருஷங்களில் அவருக்குத் தேசிய லீக் பட்டம் கிட்டவே இல்லை. 19 வருஷம் காத்திருந்து அக் கழகம் அப் பட்டத்தைப் பெற்றது 2021-ல். அதற்கு மூன்று வருஷம் முன்பே அவர் வெளியேறியிருந்தார். அந்தக் கொண்டாட்டத்தில் அவருக்கு இடமில்லாமற் போனதற்குக் காரணம் அவருடைய விசுவாசக் குறைவு என்று சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை.

நல்ல ஆட்டக்காரரைப் பெற்ற கழகமும், நல்ல ஊழியரைப் பெற்ற எந்த ஸ்தாபனமும் இதனை யோசிக்க வேண்டும். நமக்காக ஒருவன் வாயிலில் நிற்கும்போது, நாம் அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறோம். எதிரியின் பந்தை அவன் பார்த்துக்கொள்வான். பின்னாலிருந்து நாம் கல்லெறியமாட்டோம் என்ற நம்பிக்கையை அவனுக்கு அளிப்பது நம்முடைய வேலை. ஆட்டம் நடக்கும் ஒவ்வொரு மைதானத்திலும் ஜனங்கள் இந்த வேலையை மறவாமல் செய்வார்களாக.